முன்னாடி வந்த ஆள்

எங்கள் வீட்டில் மின்சாரம் நின்றால் என் இடது கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். பையில் ஒரு பேனா இருக்கும். பல நாள் அதுவும் இருக்காது. ஆனாலும் கை போகும். மார்பின்மேல் உள்ளங்கையை வைத்தபடி, தலைக்கு மேலே மின்விசிறி தன் கடைசிச் சுற்றைச் சோம்பலாக முடிக்கும்வரை அசையாமல் நிற்பேன். ஒருமுறை வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் இதைப் பார்த்து மாரடைப்பு என்று நினைத்து ஆட்டோ கூப்பிட ஓடினார். நல்ல மனிதர். செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

இந்தப் பழக்கம் என் சொந்தச் சரக்கு இல்லை. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் வீட்டுக்கு வயரிங் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய லைசென்ஸில் 'வயர்மேன்' என்றுதான் போட்டிருக்கும். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், "என்ன போட்டிருந்தாலும் கரண்ட் அடிக்கிற அடி ஒண்ணுதான்" என்பார். பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு பிரதி அனுப்பவேண்டி வரும். உங்களைப் பற்றி நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நான் சொன்னால் நம்பமாட்டார். அவர் யார் சொல்வதையும் நம்பாதவர். அவரைப் பற்றி நான் சொல்லப்போவதெல்லாம் சுற்றிச் சுற்றி அந்த ஒன்றுதான்.

அவர் முதலில் வந்தது ஒரு மீன் வாசனையால்.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சைவக் குடும்பம். தாத்தா காலத்தில் சாலைக் கடைத்தெருவுக்கு வியாபாரத்துக்கு வந்தவர்கள். மூன்று தலைமுறையில் மலையாளம் வாய்க்குள் வந்துவிட்டது. மீன் மட்டும் வரவில்லை. அப்படிப்பட்ட வீட்டின் கூடத்தில், மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், சாயங்காலமானால் மத்தி பொரிக்கிற வாசனை. என் மனைவி கோமதி முதலில் பக்கத்து வீட்டைச் சந்தேகப்பட்டாள். ஜன்னலைச் சாத்தினோம். வாசனை கூடியது. அப்புறம் என்னைச் சந்தேகப்பட்டாள். ஆபீஸிலிருந்து வந்த என் சட்டையை முகர்ந்து பார்த்தாள். கடைசியில் பக்கத்து வீட்டுச் சேச்சியிடமே போய்க் கேட்டுவிட்டாள்.

"கர்க்கடக மாசமல்லே கோமதீ, விரதமாக்கும், இவிடே மீனே வாங்கறதில்லா" என்றார் சேச்சி. எங்கள் கூடத்துக்குள் வந்து இரண்டு தரம் மூக்கை உறிஞ்சினார். "இது மீனில்லா. உங்க வயர் கரியற மணமாக்கும். எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணை அனுப்பறேன். அதுவரைக்கும் சார் ஒண்ணும் தொடவேண்டா."

சேச்சி என்னைத் தனியாகச் சுட்டிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த நாளில் நான் போனில் வீடியோ பார்த்துப் பார்த்து எலெக்ட்ரீஷியன் ஆகிக்கொண்டிருந்தேன். ஆபீஸில் கோப்புத் தள்ளுகிற கைக்கு வீட்டில் ஒரு வீரம் வேண்டியிருந்தது. எங்கள் ஃபியூஸ் வாரத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்தது. நான் ஒரு நிரந்தரத் தீர்வு கண்டேன். பழைய இஸ்திரிப் பெட்டியின் வயரை உரித்து, உள்ளே இருந்த செம்பு இழை அத்தனையையும் சேர்த்து முறுக்கி, ஃபியூஸ் கட்டையில் கட்டினேன். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவே இல்லை. வீடுதான் போகப் பார்த்தது.

வந்தவருக்கு முப்பது வயதுக்குமேல் இருக்கும். சுடிதாருக்கு மேலே ஆண்கள் சட்டை. சட்டையில் இரண்டு பை. வலது பையில் டெஸ்டர், கரண்ட் பட்டால் உள்ளே குட்டி விளக்கு எரிகிற ஸ்குரூடிரைவர். இடது பை காலி. அது காலியாக இருப்பதற்கென்றே இருக்கிற பை என்பது எனக்கு அப்போது தெரியாது.

"மெயினை நிறுத்திட்டேன்" என்றேன், தொழில் தெரிந்தவன் தோரணையில்.

"சரி சாரே" என்றார். நேரே மீட்டர் பலகைக்குப் போய் மெயினைத் தானே ஒருமுறை பார்த்து, ஒரு சுவிட்சைத் தள்ளி, வெள்ளைப் பீங்கானால் ஆன ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி இடது பையில் போட்டுக்கொண்டார்.

"நிறுத்தியாச்சுன்னு சொன்னேனே?"

"எனக்குக் கேட்டுச்சு. கரண்டுக்குத்தான் காது கிடையாது."

அப்போதுதான் தலைக்கு மேலே மின்விசிறி வேகம் குறையத் தொடங்கியது. நான் நிறுத்தியிருந்தது கிணற்று மோட்டாரின் மெயினை.

அவர் உடனே வேலையைத் தொடங்கவில்லை. இடது கையைப் பையின்மேல் வைத்துக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, மின்விசிறி நிற்கிறவரை நின்றார். ஃபிரிட்ஜ் ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. அதுவரை இருந்ததே தெரியாத ஏதோ ஒரு முனகல் நின்றது. வீடு முழுக்க மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்குவதுபோல் இருந்தது. வெளியே தென்னை ஓலைமேல் மழை விழுவது ஒவ்வொரு சொட்டாகக் கேட்டது. நான் பிறந்து வளர்ந்த ஊரில் இப்படி ஒரு சத்தம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

பிறகு கட்டையைப் பையிலிருந்து எடுத்து, என் செம்பு முறுக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"சாரே, இது ஃபியூஸா, தேர் வடமா?"

நான் வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டேன்.

"வீடு போறதுக்கு முன்னாடி இது போகணும். அதுக்காகத்தான் இதை நூல் மாதிரி மெல்லிசா வெக்கறது. நீங்க இதைப் போக விடாம கட்டி வெச்சிருக்கீங்க. அதான் உள்ள சுவிட்ச் போர்டு வெந்துட்டிருக்கு. யாரு கட்டினது?"

"முன்னாடி வந்த ஆள்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். "எல்லா வீட்டுலயும் முன்னாடி ஒரு ஆள் வந்திருக்கார் சாரே. பேட்டையில வந்திருக்கார், பூஜப்புரையில வந்திருக்கார், வஞ்சியூர்ல வந்திருக்கார். ஊர் முழுக்க இவ்வளவு வேலை செஞ்சிருக்கார். ஒரு தடவை அவரை நேர்ல பார்க்கணும்னு எனக்கு ரொம்ப ஆசை."

கோமதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் மழையைப் பார்த்தேன்.

அதன் பிறகு அவர் அடிக்கடி வந்தார். அதாவது, நான் அடிக்கடி ஏதாவது செய்தேன். ஒவ்வொரு முறையும் ஃபியூஸ் கட்டை பைக்குள் போகும். வேலை முடிந்து அவர் கையாலேயே அது திரும்பப் போய் உட்காரும்வரை வீட்டில் யாரும் மீட்டர் பலகைப் பக்கம் போக முடியாது. "யாரு கையை வெக்கறாங்களோ அவங்க பையில கட்டை" என்பதுதான் அவருடைய சட்டம். ஒருநாள் ஏறி நிற்பதற்கு ஆபீஸ் இரும்பு நாற்காலியைக் கொண்டுபோய்ப் போட்டேன். "இது நாற்காலி இல்ல சாரே, நாலு காலுள்ள வயர்" என்று ஒதுக்கிவிட்டு, சமையலறை மர முக்காலியைக் கேட்டு வாங்கினார்.

எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளைக் கூப்பிட வேண்டும் என்று கோமதி ஒருநாள் அவரிடம் கேட்டாள். கேட்டது எனக்காக. கோமதியும் அவருக்குச் சேச்சிதான்.

"பல்பு மாத்தலாம். சொல்லித் தந்தபடி ஃபியூஸ் கம்பி கட்டலாம். மத்தபடி, மணம் வந்தா கூப்பிடணும். சுவிட்ச்சுல சூடு வந்தா கூப்பிடணும். தொட்டா சுள்ளுனு வந்தா, ஓடிப் போய்க் கூப்பிடணும். அவ்வளவுதான் சேச்சி."

"இவருக்கு எது செஞ்சாலும் வீரம் வருதே, அதுக்கு என்ன பிள்ள செய்யறது?"

"அப்பவும் கூப்பிடுங்க."

மின்சாரத்தோடு அவர் நம்பாமை நிற்கவில்லை. டீயில் சர்க்கரை போட்டாச்சு என்றால் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். மழை விட்டுவிட்டது என்றால் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டுவார். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கோமதி விசாரித்தபோது, "ஒருத்தர் என்னைக் கட்டிக்கறேன்னு சொல்லியிருக்கார். டெஸ்ட் பண்ணிட்டிருக்கேன்" என்றார்.

"எத்தனை நாளா?"

"நாலு வருஷமா."

அவர் போனக்காட்டுக்காரர். மலைமேல் தேயிலை எஸ்டேட் லயத்தில், வரிசை வீடு ஒன்றில், பிறந்து, கீழே வித்துராவில் படித்து, நகரத்துக்கு வந்தவர். ஊரைப் பற்றி அதிகம் பேசமாட்டார். ஒரே ஒருமுறை, மின்விசிறி நிற்பதற்காகக் காத்திருந்தபோது, தன்னை மறந்த மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

"மேல காத்தடிச்சா மரம் விழும். மரம் விழுந்தா லைன் போகும். மூணு நாள், நாலு நாள் ஆகும். அதுக்குள்ள எந்த சுவிட்ச்சை எப்படி விட்டோம்னு எல்லாருக்கும் மறந்து போகும். அப்புறம் ஒரு நேரத்துல, சத்தமே இல்லாம கரண்ட் வந்து நிக்கும். மஞ்சு மூடிக் கிடக்கும், பக்கத்து வீடு தெரியாது. அதுக்குள்ள லயம் முழுக்க ஒரே சமயத்துல பல்பு கண்ணைத் திறக்கும் பாருங்க, வரிசையா. அவ்வளவு அழகா இருக்கும். அப்படி ஒரு நேரத்துலதான் எங்க சித்தப்பா ஹோல்டர்ல ரெண்டு கையும் வெச்சுட்டிருந்தார். கரண்ட் நாளைக்குத்தான் வரும்னு யாரோ சொல்லியிருந்தாங்க."

மின்விசிறி நின்றது. அவர் டெஸ்டரை எடுத்துக்கொண்டு முக்காலியில் ஏறினார். சித்தப்பா என்ன ஆனார் என்று நான் கேட்கவில்லை.

ஆனால் இடது கை ஏன் எப்போதும் பையில் இருக்கிறது என்று கேட்டேன். கட்டையைப் பத்திரமாகப் பிடித்திருக்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"ரெண்டு கையையும் குடுத்தா கரண்ட் ஒரு கையில ஏறி, நெஞ்சு வழியா நடந்து, மறு கையில இறங்கும். ஒரு கையை ஒளிச்சு வெச்சா அதுக்கு அந்த வழி கிடையாது. டெஸ்டர் வெச்சுப் பார்த்து, மனசுக்கும் சரின்னு பட்ட பிறகுதான் ரெண்டாவது கை. ஒரு கை வேலைக்கு, ஒரு கை வீட்டுக்கு, கேட்டோ."

இப்போது என் காலை நடையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன், இனி முடியாது.

டாக்டர் என்னை தினமும் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார். நேந்திரங்காய் உப்பேரி, அதாவது சிப்ஸ், கூடாது என்றும் சொல்லியிருந்தார். நான் தினமும் காலையில் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு முன்வாசல் வழியாகப் புறப்படுவேன். வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வருவேன். மொட்டை மாடிப் படிக்கு அடியில் ஒரு சின்ன அறை உண்டு. பழைய வாளி, தேங்காய் மட்டை போட்டுவைக்கிற இடம். அதற்குள் ஒரு தலையணை, ஒரு துப்பறியும் நாவல், ஒரு பொட்டலம் உப்பேரி. அந்த ஒரு மணி நேரத்தில் என்னைவிட நிம்மதியான மனிதன் திருவனந்தபுரம் ஜில்லாவில் கிடையாது. அறைக்கதவு வெளியே பின்பக்கமாக இருந்ததால் வீட்டுக்குள்ளிருந்து ஒன்றும் தெரியாது.

வெளிச்சம் மட்டும் குறை. அதை நானே தீர்த்தேன். எங்கள் வீட்டில் கடைக்காரர்கள் முறையாக வைத்துத் தந்த ஒரு இன்வெர்ட்டர் இருந்தது. படுக்கையறை மின்விசிறிக்கும் கூடத்து விளக்குக்கும். கொலைகாரன் யாரென்று தெரிகிற பக்கத்தில் மின்சாரம் போய்விடக்கூடாதே என்று, அந்த இன்வெர்ட்டர் லைனிலிருந்தே என் நாற்பது வாட்ஸ் குண்டு பல்புக்கு ஒரு கிளை எடுத்தேன். மின்சாரத்துக்கு வருவதற்கு ஒரு கம்பி வேண்டும், திரும்பிப் போவதற்கு ஒரு கம்பி வேண்டும். திரும்புகிற கம்பியை இன்வெர்ட்டர் வரை கொண்டுபோக என் வயர் எட்டவில்லை. வீட்டுக்குள் நடையில், கம்பிகள் எல்லாம் சேர்கிற ஒரு ஜங்ஷன் பெட்டி இருந்தது. அதற்குள் கிடந்த, வேறு எதற்கோ போகிற, ஒரு கறுப்புக் கம்பியோடு முடிச்சுப் போட்டுவிட்டேன். பல்பு எரிந்தது. சுவரில் இறங்கிய வயரை மறைக்க ஒரு மாதக் காலண்டரை மாட்டினேன். யாருக்கும் தெரியாது. தலையணைக்கும் எனக்கும்தான் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் 'நடை'யில் இருந்தேன். கொலைகாரன் அநேகமாகத் தோட்டக்காரன்தான் என்று தீர்மானித்துக்கொண்டிருந்தபோது அவருடைய ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. முந்தின நாள்தான் கோமதி, குளியலறைக் குழாயைத் தொட்டால் சுள்ளென்று ஏதோ கடிக்கிறது என்றிருந்தாள். மனப்பிரமை என்று நான் சொல்லியிருந்தேன். என்னை எதுவும் கடிக்கவில்லையே. நான் ரப்பர் செருப்போடு குளிக்கிறவன் என்பதை அப்போது யோசிக்கவில்லை. அவள் என் சொல்லை விட்டுவிட்டு, சொல்லித் தந்தபடி கூப்பிட்டுவிட்டாள்.

நான் அவசரமாக வெளியே வந்து, முகத்தில் தண்ணீர் தெளித்து வியர்வை உண்டாக்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக மூச்சு வாங்கியபடி நுழைந்தேன். பல்பை அணைக்கவில்லை.

அவர் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அதற்கு முந்தின மாதம் நான் மாற்றிய பிளக்.

"மூணு கம்பியில பச்சை எங்க சாரே?"

பச்சைக் கம்பி அழகுக்கு என்று நினைத்து வெட்டியெறிந்திருந்தேன். "முன்னாடி வந்த ஆள்…"

"அவர் கைராசி" என்றார். "அந்தப் பச்சைதான் எர்த்து. உள்ள கோளாறு வந்தா கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோறது அது. அது இல்லாததால சேச்சி கை வழியா போகப் பார்த்திருக்கு."

கோமதி குளியலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். அவள் ஒன்றும் சொல்லாதபோதுதான் எனக்குப் பயம்.

எர்த்துக் கம்பி ஜங்ஷன் பெட்டியிலிருந்தே புதிதாக இழுக்க வேண்டும். அவர் மெயினை நிறுத்தினார், கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டார், நடையில் முக்காலி போட்டு ஏறினார். மூடியைத் திறக்கும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இன்வெர்ட்டர்ல இருந்து இந்தப் பக்கம் ஏதாவது லைன் எடுத்திருக்கா சாரே?"

"இல்லவே இல்லை" என்றேன். "பெட்ரூம் ஃபேன், ஹால் லைட். அவ்வளவுதான்."

ஒரு வார்த்தை போதும். 'ஆமாம்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கோமதி பக்கத்தில் நின்றாள். என் தலையணை, என் உப்பேரி, என் தோட்டக்காரன் எல்லாம் அந்த ஒரு 'ஆமாம்' என்பதற்குப் பின்னால் இருந்தன.

அவர் டெஸ்டரை ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தார். எதிலும் விளக்கு எரியவில்லை. எரியாது. திரும்பிப் போகிற கம்பி சேர்ந்திருக்கும்வரை செத்ததுபோலத்தான் இருக்கும். பிரித்தால்தான் அதற்கு உயிர் வரும். அவர் வலது கையால் அந்தக் கறுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. தொண்டைக்குள் 'ஹக்' என்று ஒரு ஒலி. கை உதறியது. முக்காலி சாய்ந்தது. அவர் தரையில், வலது மணிக்கட்டு உடம்புக்கு அடியில் மடங்க, விழுந்தார். இடது கை மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

கோமதி ஓடிப்போய்த் தூக்கினாள். "பிள்ள! பிள்ள! இங்க பாரு!" நான் தூணாக நின்றேன்.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, நாலைந்து முறை மூச்சு விட்டார். கண்ணைத் திறந்ததும் முதலில் கேட்டது, "இன்வெர்ட்டர் எங்க?" கோமதி தோளைப் பிடித்துக்கொள்ள, தானே நடந்துபோய் அதை நிறுத்தினார். திரும்பி வந்து ஜங்ஷன் பெட்டியைக் கீழிருந்து பார்த்தார். அதிலிருந்து பழைய ஸ்பீக்கர் வயர் ஒன்று சுவரோடு இறங்கிக் காலண்டருக்குப் பின்னால் போனது. காலண்டரைத் தூக்கினார். வயர் தரையோரமாகப் போய்ச் சுவரில் ஒரு துளைக்குள் நுழைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன என்று கோமதியைக் கேட்டார்.

"படிக்கு அடியில. தேங்காய் மட்டை போடற இடம்."

மூவரும் பின்பக்கம் போனோம். அந்த ஊர்வலத்தில் கடைசி ஆள் நான். கோமதி கதவைத் திறந்தாள். உள்ளே இருட்டு. முடிச்சைப் பிரித்தபோதே பல்பு அணைந்திருந்தது. அவர் இடது கையின் பின்புறத்தைப் பல்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய், தொடாமல், ஒரு நிமிஷம் வைத்திருந்தார். காய்ச்சலடிக்கிற குழந்தையின் நெற்றியருகே கொண்டுபோவதுபோல.

"இன்னும் சூடு இருக்கு" என்றார்.

வெளியிலிருந்து வந்த வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. தலையணை. கவிழ்த்து வைத்த நாவல். பாதி தின்ற உப்பேரிப் பொட்டலம். கோமதி குனிந்து பொட்டலத்தை எடுத்தாள்.

"நடந்தும் எடை குறையலையேன்னு டாக்டரே யோசிச்சாரு" என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"முன்னாடி வந்த ஆளை இன்னைக்குப் பார்த்துட்டேன்" என்றார்.

"நான் சொன்னதை நம்பி…" என்று தொடங்கினேன்.

"நம்பலையே" என்றார் அவர். "நான் கேட்டு முடிக்கறதுக்கு முன்னாடி உங்க பதில் வந்துச்சு. நம்பியிருந்தா ரெண்டு கையும் வெச்சிருப்பேன்."

மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. ஆட்டோ கூப்பிட்டேன். கூட ஏறப் போனபோது, "சேச்சி வரட்டும்" என்று கோமதியைக் காட்டினார். இரண்டு பேரும் போனார்கள். ஃபியூஸ் கட்டை அவர் பையிலேயே போனது.

நான் கூடத்தில், நின்றுபோன மின்விசிறிக்கு நேர்கீழே, தரையில் படுத்துக்கிடந்தேன். மத்தியானம் மழை வந்தது. ஓலைமேல் அந்தச் சொட்டுச் சத்தம். கூரை மெதுவாக விலகி விலகிப் போவதுபோலவும், இறக்கைகளுக்கு மேலே மஞ்சு இறங்குவதுபோலவும், அதற்குள் யாரோ ஒருவர் இரண்டு கையையும் உயர்த்தி நிற்பதுபோலவும் இருந்தது. கண்ணைத் திறந்திருந்தேனா மூடியிருந்தேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

சாயங்காலம் கோமதி தனியாக வந்தாள். எலும்பில் கீறல். ஆறு வாரம் கட்டு. வலது கை. வித்துராவில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

"அந்தக் கை திரும்ப முன்ன மாதிரி ஆகுமான்னு கேட்டா. டாக்டர் ஆகும்னு சொன்னாரு. அவ நம்பல" என்றாள் கோமதி. சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஃபியூஸ் கட்டை?"

"கேட்டேன். 'நான் வர்ற வரைக்கும் அந்த வீட்டுல கரண்ட் வேண்டா சேச்சி'ன்னுட்டா."

மறுநாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஒரு ஃபியூஸ் கட்டை கிடைக்காமலா போகும்? கடைக்காரர் எத்தனை ஆம்பியர் என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். இத்தனை நாளில் மின்சாரத்தைப் பற்றி நான் சொன்ன முதல் உண்மை அது. சொன்னதும் வெட்கமாக இருக்கவில்லை, என்னவோ உடம்பு லேசானதுபோல் இருந்தது. ஒன்றும் வாங்காமல், பழவங்காடி, கிள்ளிப்பாலம் என்று கரமனைவரை நடந்தே திரும்பினேன். டாக்டர் சொன்ன ஒரு மணி நேரம் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஆனது.

மூன்றாம் நாள் காலையில் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றார். "நான் சொன்ன ஆள்" என்று, பின்னாலிருந்து இறங்கிய அவர், கோமதியிடம் மட்டும் சொன்னார். நாலு வருஷமாகச் சோதனையில் இருக்கிற மனிதரின் முகத்தில் எந்த அவசரமும் இல்லை. தூளியில் தொங்கிய வலது கை வெள்ளைக் கட்டுக்குள் கிடந்தது. விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. அவற்றை அவர் அவ்வப்போது அசைத்து அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

"நீங்க போட்டதை நீங்கதான் எடுக்கணும்" என்றார் என்னிடம். "நான் கீழ நிக்கறேன்."

முக்காலியில் ஏறினேன். மேலே திறந்த பெட்டிக்குள் என் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது.

"கட்டை?"

"என் பையில."

"இன்வெர்ட்டர்?"

"நிறுத்தியாச்சு."

"நிச்சயமா?"

கீழேயிருந்து சிரிப்புக் கேட்டது. "நம்பாதீங்க சாரே. டெஸ்டர் வைங்க. அதுக்கும் முன்னாடி இங்க குனிங்க."

குனிந்தேன். இடது கையால் பையிலிருந்து கட்டையை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். "யாரு கையை வெக்கறாங்களோ அவங்க பையில."

பீங்கான் குளிர்ந்திருந்தது. இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டேன். கட்டைக்குப் பின்னால் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தது. ஐம்பது வருஷமாக அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான் விசாரித்ததில்லை. ஒரு கையால் அந்த ஸ்பீக்கர் வயரைப் பிரித்து எடுக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அவர் ஒருமுறைகூட அவசரப்படுத்தவில்லை.

கை சரியாகிவிட்டது. ஆறு வாரத்தில் சரியாகிவிட்டது என்று டாக்டர் சொன்னார். இவர் ஒத்துக்கொள்ள ஆறு மாதம் ஆனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டு வயரிங் முழுவதையும் பிரித்து, பச்சைக் கம்பியோடு, புதிதாகச் செய்தார். அடுத்த வருஷம் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார். "டெஸ்ட் முடிஞ்சுது" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு கொல்லம் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. கேள்விதான், நான் போய்ப் பார்க்கவில்லை.

போன மாதம் ஏசி வைப்பதற்காக ஒரு எலெக்ட்ரீஷியன் வந்தார். மீசை நரைத்த, நல்ல அனுபவமுள்ள மனிதர். ஃபியூஸ் கட்டையெல்லாம் போய் இப்போது வரிசையாகக் குட்டிச் சுவிட்சுகள். நடையில் ஜங்ஷன் பெட்டியைத் திறந்தவர், அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒவ்வொரு கம்பியும் வாரிப் பின்னிய தலைமுடிபோல் படிந்திருந்தது.

"ஆரா சாரே இந்தப் பணி செய்தது?"

"முன்னாடி வந்த ஆள்" என்றேன்.

சமையலறையில் கோமதி சிரித்தது கேட்டது.

"நல்ல பணி" என்றார் அவர். ஒரு கம்பியை இழுத்து என் பக்கம் நீட்டினார். "சார் இதொண்ணு பிடிச்சோ. ஆஃப் ஆக்கியாச்சு, பயப்படவேண்டா."

என் இடது கை சட்டைப்பைக்குப் போனது. வலது கை நீளவில்லை.

"டெஸ்டர் வெச்சுப் பார்க்கலாமே" என்றேன்.

"சாருக்கு என்னில விஸ்வாசமில்லே?"

"இல்லை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே டெஸ்டரை எடுத்து, என் மனத் திருப்திக்காக, கம்பியின் நுனியில் வைத்தார். அதன் வயிற்றுக்குள், மஞ்சுக்கு அப்பால் எங்கேயோ ஒரு வீட்டில் எரிவதுபோல, ஒரு சின்ன ஆரஞ்சு வெளிச்சம் கண்ணைத் திறந்தது.